பனைக்குப் போகிற வழியில் ஒரு காலியம்

பொரேகோ பாம் கேன்யனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விசிறிப் பனைத் தோப்பைப் பார்க்கத்தான் வருவார்கள். தெற்குக் கலிஃபோர்னியாவில், 6 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் அன்சா பொரேகோ பாலைவனப் பூங்காவில் இருக்கிறது இந்த மலையிடுக்கு. நான் போனது காலியம் ஸ்டெல்லாட்டம் என்ற குட்டைப் புதருக்காக. முழங்கால் உயரம் வந்தாலே அதிகம்.

கிளம்புமுன் கலிஃபோர்னிய ஹெர்பேரியங்களின், அதாவது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகங்களின், பொதுத் தரவில் இந்தச் செடியின் பதிவுகளைப் படித்தேன். யார் பறித்தார்கள், எந்தத் தேதி, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் உலர்தாவரத் தாளின் மூலையில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பழைய சீட்டுகள் பலவற்றில் ஊர்ப்பெயரோடு சரி; புதியவற்றில் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. எனக்குப் பிடித்தது, கூட வளர்ந்த செடிகளைச் சொல்லும் வரிதான். எந்த மாதிரிச் சரிவில் தேட வேண்டும் என்று அதுதான் காட்டிக் கொடுக்கிறது.

மார்ச் வெயிலில் பாறைச் சரிவு ஒன்றில் கண்ணில் பட்டது. அடியில் கட்டைபோல் இறுகிய தண்டு, ஒவ்வொரு கணுவிலும் நான்கு இலைகள், நுனி சுருக்கென்று குத்துகிறது. நம் இட்லிப்பூ, சாயவேர், காபி எல்லாம் இதே குடும்பம்தான். இட்லிப்பூவில் எதிரெதிர் இலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு செதில் இருக்குமே, அதுதான் காலியத்தில் இலையாகவே வளர்ந்துவிட்டது. ஆக நான்கில் இரண்டுதான் அசல் இலை.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நான் பார்த்தது பெண். மிளகைவிடச் சிறிய காய்களைச் சுற்றி நீண்ட வெள்ளை முடி. அதனால்தான் ஒரு இடத்துக்கு ஒரே தாள் போதாது என்று நினைக்கிறேன். ஆண் செடியின் தாளும் கிடைத்தால்தான் செடி முழுசாகத் தெரியும்.

சான் டியேகோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2003இல் மாவட்டம் முழுவதையும் மூன்று மைல் சதுரங்களாகப் பிரித்து, பயிற்சி பெற்ற பொதுமக்களையே செடி சேகரிக்க அனுப்பத் தொடங்கியது. எவ்வளவு நல்ல வேலை! செடி சேகரித்த இடங்களைப் புள்ளியாகக் காட்டும் வரைபடத்தில் புள்ளியில்லாத இடத்தில் செடியே இல்லை என்று அர்த்தமில்லை. பல சமயம், அங்கே யாரும் போகவில்லை என்பதுதான் விஷயம்.

பூங்காவில் அனுமதியில்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டேன். போக நினைப்பவர்கள் ஏப்ரலுக்குள் போய்விடுங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு கைலென்ஸும்.