15க்கும் 21க்கும் இடையில்

"உந்தப் பெட்டிக்கு ஏதோ வருத்தம் இருக்கிறது, தம்பி. மோட்டார் போட்டால் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துவிடுகிறது. பிறகு தானாக எழும்புகிறது."

உரும்பிராய்த் தோட்டக்கார ஐயா இதைத் தொலைபேசியில் மூன்றாவது தடவையாகச் சொன்னது 2022 மார்ச் கடைசியில். நாட்டில் டீசல் இல்லை. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட கிழமை அது. ஆகவே நான் கொஞ்சமும் யோசிக்காமல், "கரண்ட் பிரச்சினையாக இருக்கும், ஐயா" என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எது பழுதானாலும் கரண்டின் தலையில் போடலாம். யாரும் மறுத்துக் கதைக்கமாட்டார்கள். பெட்டி ஓடுவது பற்றரியிலும் சூரியத் தகட்டிலும் என்பதை அதைச் செய்த நானே மறந்துபோனேன்.

பெட்டியின் வேலை கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றிலிருந்து இறைக்கிறோம். அளவு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்ப ஒரு சின்னக் கணினி: இரண்டு கோர் (தனித்தனியே வேலை செய்யும் கணிப்பகுதிகள்) கொண்ட ஆர்ம் செயலி, 512 மெகாபைட் நினைவகம், லினக்ஸ் 5.10. உணரிகளோடு பேசும் டிரைவர் நிரலை எழுதியவன் நான். கேர்னலைக் கட்டியவனும் நான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பணிசெயல் முறைமையின் கரு' என்று படித்தோம். வேலைத்தலத்தில் எல்லோருக்கும் அது கேர்னல்தான்.

கேர்னலைக் கட்டுவதற்கு முன் மெனுகொன்பிக் என்ற நீலத் திரைக்குள் போய் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிவு செய்யவேண்டும். அதன் கடைசி வரிசையில் 'கேர்னல் ஹக்கிங்' என்றொரு மெனு இருக்கும். வழு தேடும் கருவிகள் எல்லாம் அதற்குள்தான். பெட்டியை முதலில் செய்த காலத்தில் ஒரு மத்தியானம் முழுவதும் அந்த மெனுவுக்குள் இருந்து, சுளகில் கல்லும் உமியும் புடைப்பதுபோல ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன். கேர்னல் சிறுத்தது. பெட்டி சில விநாடி முந்தி எழும்பியது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதில் ஒரு முட்டாள்தனத்தைத் தனியே சொல்லவேண்டும். 'டீபக் இன்போ' என்ற தெரிவையும் நான் அணைத்திருந்தேன், கேர்னல் பருத்துவிடும் என்று பயந்து. உண்மையில் அந்தத் தகவல் பெட்டிக்குள் போவதேயில்லை. கட்டிமுடிந்ததும் விஎம்லினக்ஸ் என்றொரு பெரிய கோப்பு கிடைக்கும். எந்த முகவரி எந்த நிரலில் எத்தனையாவது வரி என்ற கணக்கு அதில்தான் இருக்கும், அது நம்முடைய கணினியிலேயே தங்கிவிடும். பெட்டியில் ஏற்றுவது அதிலிருந்து உரித்தெடுத்த உருவை. தேவைப்படும்போது சேர்க்கும் கேர்னல் துண்டுகளான மொடியூல்களில் மட்டும் அந்தச் சுமை ஒட்டிக்கொண்டு போகும்; நிறுவும்போதே அதையும் உரித்துவிடலாம். பருப்பது நம்முடைய வன்தட்டு மட்டுமே. இது தெரியாமல், இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கண்ணாடியைக் கழற்றி எறிந்திருந்தேன்.

அதற்கு முன்னைய ஆண்டு வேறொரு பெட்டி விழுந்தபோது கடைசியாகச் சில பதினறும எண்களைக் கக்கிவிட்டுப் போயிருந்தது. அதே கேர்னல் என்று நம்பி மறுபடி கட்டி, முகவரியைத் தேடினேன். யூ.எஸ்.பி. டிரைவருக்குள் ஒரு வரியைக் காட்டியது. இரண்டு நாள் அந்த வரியை வெறித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: அந்த மின்சுற்றுப் பலகையில் யூ.எஸ்.பி. வாயில் என்பதே இல்லை. நான் மறுபடி கட்டியது வேறு கொன்பிக், அதாவது வேறு தெரிவுகளின் பட்டியல். முகவரிகள் எல்லாம் இடம்மாறியிருந்தன. அவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை என்பதற்கு உரும்பிராய்ப் பெட்டியே சாட்சி.

ஐயாவின் நாலாவது அழைப்புக்குப் பிறகு, எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த பொடியனையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். செம்மண்ணில் வெங்காயப் பாத்திகள். கிணற்றடியில் ஒரு தகரக் கொட்டில். அங்கே இரண்டு இரவுகள். மடிக்கணினியிலிருந்து பெட்டிக்கு மூன்று கம்பிகள்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பூமிக்கு ஒன்று. கேர்னல் சாகும்போது ஏதாவது சொல்லும், அதைக் கேட்டுவிடலாம் என்பது திட்டம். நுளம்புக்குத்தான் கொண்டாட்டம். கரண்ட் வந்தவுடன் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் போடும் சத்தம் கேட்கும். முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இரவு அப்படிக் கரண்ட் வந்த ஐந்தாம் நிமிடத்தில் எங்கள் பெட்டி படுத்தது. திரையில் ஒரு எழுத்துக்கூட இல்லை. சற்று நேரத்தில், கேர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரலின் முகப்பு வரி வந்தது, கேர்னல் புதிதாக எழும்பியது, ஒன்றுமே நடக்காததுபோல.

அலுவலகத்துக்குத் திரும்பி டிரைவருக்குள் எல்லா இடத்திலும் செய்தி அச்சிடும் பிரின்ட்கே வரிகளைச் செருகி அனுப்பினேன். பதினொரு நாள் ஒரு தடவையும் விழவில்லை. செய்தி அச்சிடச் செலவாகும் நேரமே வழுவை மறைத்துவிட்டது. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இந்தச் சாதிக்கு ஹைசன்பக் என்று பெயர். ஜிம் கிரே 1985இல், கணினிகள் ஏன் நிற்கின்றன என்று எழுதிய கட்டுரையிலேயே அந்தப் பெயர் வருகிறது. பெயர் தெரிந்ததால் எனக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

முடிச்சைக் கண்டவன் பொடியன். அவன் இரண்டாம் இரவின் பதிவை எடுத்து, கடைசியாக வந்த அளவீட்டுக்கும் பூட்லோடர் வரிக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கணக்கிட்டிருந்தான். "அண்ணை, இது 15 விநாடி. நாங்கள் வொட்ச்டோக்குக்குக் கொடுத்த நேரமும் 15. கேர்னல் வாயைத் திறப்பதற்கு முன்னமே நாங்கள் கழுத்தைப் பிடித்துவிடுகிறோமோ?"

வொட்ச்டோக் என்பது வன்பொருளில் இருக்கும் ஒரு காவல்நாய். நம்முடைய நிரல் அடிக்கடி அதைத் தடவிக்கொடுக்கவேண்டும். 15 விநாடி தடவாமல் விட்டால் பெட்டியை மீளத் தொடக்கிவிடும். கேர்னலுக்கு உள்ளேயும் ஒரு காவல் உண்டு: ஒரு கோர் அசையாமல் நின்றுவிட்டால் மற்றக் கோர் அதைக் கவனித்து, 'ஆர்சியூ ஸ்டோல்' என்று முறையிடும். நான் தட்டிவிட்ட குப்பைகளுக்குள் அது அகப்படவில்லை. அணைக்க முடியாததால் தப்பியிருந்தது. அதன் இயல்பான பொறுமை 21 விநாடி. ஆக, இடையில் ஆறு விநாடி. சாட்சி சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் சாட்சியைக் கொன்றுகொண்டிருந்தவன் நான்.

வொட்ச்டோக்கை 60 விநாடியாக்கினோம், பிரின்ட்கே வரிகளைக் கழற்றினோம். நாலாம் நாள் சரியாக 21ஆவது விநாடியில் முறைப்பாடு வந்தது: கோர் 0 நின்றுவிட்டது, அதில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் நிரல். ஆனால் நிரலின் எந்த இடத்தில் நின்றது என்பதைச் சொல்லவில்லை. இன்டரப்டை, அதாவது வன்பொருள் நடுவில் வந்து தட்டும் அழைப்பை, மூடிக்கொண்டு சுற்றும் கோரை அந்தச் செயலியில் வெளியிலிருந்து தட்டிக் கேட்க வழியில்லை. கிடைத்தது பழைய தடமொன்றுதான். வீடு தெரிந்தது, அறை தெரியவில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. கேர்னல் ஹக்கிங் மெனுவுக்குள் போய், முன்பு அணைத்த அதே வேகத்தில் எல்லாவற்றையும் ஏற்றினேன். நினைவகப் பிழை பிடிக்கும் கசான், லொக்குகளை (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி காக்கும் பூட்டுகளை) கண்காணிக்கும் லொக்டெப், கண்ணில் பட்ட இன்னும் இருபது. கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யூ.பி.எஸ். கத்தி, மறுபடி தொடங்கி, இரவு பதினொரு மணிக்கு உரு கிடைத்தது. ஏற்றினால் 'ஸ்டார்ட்டிங் கேர்னல்' என்ற வரியோடு நின்றது. லொக்டெப்பின் அட்டவணைகளும் மற்றவையும் நினைவகத்தில் கேட்ட இடம், வன்பொருள் விபரம் வைத்திருந்த இடத்துக்குமேல் ஏறிவிட்டது. கேர்னல் எழும்பும்போதே தன் வரைபடத்தைத் தானே அழித்துக்கொண்டது. அதைத் தள்ளிவைத்துச் சரிப்படுத்தியிருந்தாலும், கசான் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் நிழலுக்கென்று எடுத்துக்கொள்ளும். 512இல் 64 போய்விடும். எல்லாவற்றையும் ஏற்றுவது எல்லாவற்றையும் அணைப்பதைப் போன்ற சோம்பல்தான். இரண்டிலும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஆறுதலாக இருந்து கேள்வியை எழுதினேன்: ஒரு கோர் இன்டரப்டை மூடிக்கொண்டு எதற்காகக் காத்திருக்கும்? ஸ்பின் லொக்குக்கு, கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே நிற்கவைக்கும் பூட்டுக்கு. அப்படியானால் வேண்டியது லொக்டெப் மட்டும். இங்கோ மோல்னார் எழுதியது, 2006இல் 2.6.18 பதிப்போடு வந்தது. அதன் சிறப்பு, விபத்து நடக்கும்வரை அது காத்திருப்பதில்லை. ஒரு லொக்கை இன்டரப்டுக்குள் ஒருமுறையும், வெளியே இன்டரப்ட் திறந்திருக்க இன்னொருமுறையும் எடுத்ததைக் கண்டால் போதும். இவை இரண்டும் ஒருநாள் மோதும் என்று அங்கேயே சொல்லிவிடும். மோட்டாரும் வேண்டாம், நுளம்புக்கடியும் வேண்டாம்.

பலகையை மேசையில் வைத்து எழுப்பினோம். ஒன்பதாவது விநாடியில் லொக்டெப் கத்தியது. பாய்ந்து பார்த்தால் குற்றவாளி எங்கள் டிரைவர் அல்ல, பலகையோடு வந்த திரை டிரைவர். நாங்கள் பயன்படுத்தாத திரை. சரி, அதை விட்டுவிட்டு எங்களுடையதற்காகக் காத்திருப்போம் என்று ஒரு பகல் முழுவதும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. பிறகுதான் வாசித்து அறிந்தேன்: லொக்டெப் முதல் முறைப்பாட்டோடு தன்னை அணைத்துக்கொள்ளும். ஊர்ச் சண்டையில் முதல் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் காவலாளி. திரை டிரைவரைக் கொன்பிக்கில் கழற்றி, மறுபடி கட்டி, மறுபடி எழுப்பினோம். உணரியை வாசிக்கத் தொடங்கிய சில விநாடிகளில் வந்தது.

முறைப்பாட்டின் நடுவில் லொக்டெப் ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டும். 'சிபியு0' என்று தலைப்பு. அதன் கீழ் 'லொக்', எங்கள் லொக்கின் பெயருடன். அதன் கீழ் 'இன்டரப்ட்'. அதன் கீழ் மறுபடி 'லொக்', அதே பெயர். அடியில் மும்மூன்று நட்சத்திரங்களுக்கு நடுவே 'டெட்லொக்'. வாளியைக் கையில் வைத்திருப்பவனை ஒருவர் வந்து, "நான் அள்ளி முடியும்வரை நீ அசையாதே" என்று நிறுத்திவிட்டு, அவன் கையிலிருக்கும் அதே வாளிக்காகக் காத்து நின்றால் எப்படி? அதுதான். வாசிக்கும் பக்கத்தில் லொக் எடுக்கும்போது இன்டரப்டை மூட மறந்திருந்தேன். மோட்டார் கிளம்பும்போது நீண்ட உணரிக் கம்பியில் இரைச்சல் ஏறும். வேண்டாத இன்டரப்டுகள் கொட்டும். அந்த மெல்லிய இடைவெளியில் ஒன்று விழுந்தால் சரி. ஐயா சொன்ன மோட்டார்க் கதை முழுக்க உண்மை. திருத்தம் இரண்டு வரி.

இப்போது தோட்டத்துக்குப் போகும் கேர்னலில் லொக்டெப் கிடையாது. அது மேசைக்கு மட்டும். ஆனால் ராம்ஊப்ஸ் இருக்கிறது: நினைவகத்தின் ஒரு மூலையில் ஒரு மெகாபைட்டை ஒதுக்கி, கேர்னல் கடைசியாகச் சொன்னதை அதில் எழுதிவைக்கும்; மீளத் தொடங்கினாலும் அழியாது. ஆர்சியூ முறைப்பாடு வந்தால் உடனே பனிக் ஆகும்படி, அதாவது கேர்னல் வேலையைக் கைவிட்டு நின்றுவிடும்படி, வைத்திருக்கிறேன். தொங்கிய பணிகளைத் தேடும் காவலின் வழக்கமான நேரம் 120 விநாடி. அதை 30 ஆக்கினேன், வொட்ச்டோக்கின் 60க்குள் அடங்கவேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு வெளியீட்டின் விஎம்லினக்ஸும் கொன்பிக்கும் திகதியோடு இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. அந்த அலுமாரிச் சாவி பொடியனிடம். என்னை நம்புவதில்லை என்று அவனே தீர்மானித்தது.

மாரி தொடங்கி இரண்டு கிழமையில் ஐயா மறுபடி அழைத்தார். பெட்டி பழையபடி படுத்துப் படுத்து எழும்புகிறதாம். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்: "கேர்னல் பிரச்சினையாக இருக்கும், ஐயா. வந்து பார்க்கிறேன்." போய் இணைத்து ராம்ஊப்ஸைத் திறந்தால் உள்ளே ஒரு கோப்பும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த வெறுமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீளத் தொடங்கினால் அழியாத நினைவகம், மின்சாரம் அறுந்தால் மட்டும் அழியும். மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். பற்றரி முனையைச் சுற்றி எறும்பு கூடு கட்டியிருந்தது; கம்பி தொட்டும் தொடாமலும் தொங்கியது.

"கரண்ட் பிரச்சினைதான், ஐயா" என்றேன்.

"இதைத்தானே தம்பி நீர் அன்றைக்கும் சொன்னீர்" என்றார்.