ஓசி வேலையும் கூலி வேலையும்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது அடையாற்றுக் கரையோரம் அரிசி வந்தது, பாய் வந்தது, போர்வை வந்தது. சில தெருக்களில் பிரெட் பாக்கெட் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு வந்து குவிந்தது. ஆனால் "மெயினைப் போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டால் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. மின்வாரியம் தெருவுக்குக் கரண்ட் கொடுத்துவிடும். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பாடு.

நான் அப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். எங்கள் சங்கத்தில் ஃபிட்டர், வெல்டர், மோட்டார் காயில் கட்டத் தெரிந்தவர் என்று எல்லா வேலைக்கும் ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாபர்கான்பேட்டைக்குப் போய் வீட்டு வயரிங்கைச் சோதித்துக் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. மூத்த தோழர் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை.

"அந்த ஏரியாவுல வயர்மேன் இருப்பான்ல? வருஷம் பூரா அவனுக்கு வராத வேலை இப்பத்தான் வரும். நாம ஓசியில செஞ்சு கொடுத்துட்டு வந்தா அவன் எங்க போவான்?"

கூலிக்காகப் போராடுகிற சங்கம், இன்னொருத்தர் கூலியைக் கெடுக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. அன்று வேறெதையும் பேசவில்லை. கடைசியில் மூன்று விஷயங்கள் முடிவாயின. காசு கொடுக்க முடிந்த வீடு என்றால் உள்ளூர் வயர்மேனைக் கை காட்டிவிடுவது. கம்பத்தையும் தெருவிளக்கையும் தொடுவதில்லை. அது அரசு ஆள் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. உள்ளூர் வயர்மேன் எங்களோடு வந்தால் அவருக்கு அன்றைய கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பது. கடைசி முடிவுக்கு முணுமுணுப்பு இருந்தது. நாம் சும்மா செய்கிறோம், அவருக்கு மட்டும் காசா என்று. எங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வரும், அவருக்கு வராது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்படி வந்து சேர்ந்தவருக்கு அவர் வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர். கட்டிங் பிளேயர், டிரில் மெஷின் எல்லாம் போயிருந்தன. எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் பைப் போகிறது, எங்கே ஜங்ஷன் பாக்ஸைப் பூசி மறைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் இல்லாவிட்டால் பாதிச் சுவரைத் தட்டித் தட்டியே பொழுது போயிருக்கும்.

சுவிட்ச் போர்டைக் கழற்றினால் உள்ளே சேறு அப்பிக்கிடக்கும். சுவருக்குள் புதைத்த கான்சீல்டு வயரிங் என்றால் பைப்புக்குள் தண்ணீர் தங்கிவிடும். வெளியே சுவர் காய்ந்ததை நம்ப முடியாது. பல்பு, பிளக் எல்லாவற்றையும் உருவிவிட்டு வயரிலிருந்து கரண்ட் கசியுமா என்று காட்டும் 500 வோல்ட் மெகரை வைத்துச் சுற்றினால் முள் எழுந்திருக்கவே மறுக்கும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து, தேறுவதை மட்டும் தனியே எடுத்துக் கட்டுவோம். ஒரு அம்மா, "தம்பி, ஒரு லைட்டும் ஃபேனும் ஓடினாப் போதும்ப்பா, கொசு பிடுங்குது" என்றார். அந்த இரண்டையும் புது வயரில் வெளியே இழுத்துக் கொடுத்தோம். அந்த அம்மாவின் கிரைண்டர் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து, நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்து, அப்புறம் அட்டைப் பெட்டிக்குள் நூறு வாட்ஸ் பல்போடு ராத்திரி முழுக்கக் காயவிட்டார் எங்கள் காயில் கட்டும் தோழர். ஓடியது. எல்லா மோட்டாரும் அப்படி ஓடிவிடவில்லை.

தொழிற்சாலைப் பழக்கம் ஒன்று அங்கே கை கொடுத்தது. எங்கேயும் தனியாக வேலை செய்வதில்லை. மெயினை நிறுத்தி, பியூஸ் கேரியரைப் பிடுங்கி, வேலை செய்பவர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவராகக் கொடுத்தால்தான் திரும்பப் போடலாம். சேவைதானே என்று இதில் தளர்வு காட்டினால் ஆள் போய்விடும். ஓசி வேலைக்கு அரை வேலை என்று மின்சாரத்துக்குத் தெரியாது.

ஒரு வீட்டு உரிமையாளர் மூன்று வாடகைப் போர்ஷனுக்கும் முழுசாக வயரிங் மாற்றித் தரச் சொன்னார். முடியாது என்றோம். குடியிருப்பவர்களைத் தவிக்கவிடவும் மனமில்லை. ஆபத்தான சர்க்யூட்டைத் துண்டித்து, என்னென்ன மாற்ற வேண்டும் என்று எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

நிர்வாகம் கேபிள் சுருள்கள் கொடுத்தது. கூடவே கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டும், போட்டோ எடுக்க ஒரு ஆளும். கேபிளுக்கு ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டோம். டி-ஷர்ட்டைத் திருப்பிவிட்டோம். விடுமுறை நாள் எங்களுடையது, அது கம்பெனியின் சமூகப் பொறுப்புக் கணக்கில் ஏன் ஏற வேண்டும்?

இதெல்லாம் சங்கத்தின் வேலையா என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. சத்தீஸ்கரின் தல்லி ராஜ்ஹராவில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சொந்த உழைப்பில் கட்டிய ஷஹீத் மருத்துவமனை 1983இல் திறக்கப்பட்டது. சங்கர் குஹா நியோகி தலைமையிலிருந்த அந்தச் சங்கத்தின் முழக்கமே போராட்டமும் நிர்மாணமும் என்பதுதான். அவர்கள் முன்னால் நாங்கள் செய்தது சுண்டைக்காய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மறுபடி கிளம்ப நினைத்தபோது வேறொரு சிக்கல். நான் உட்பட மெகர் பிடித்த பழைய ஆட்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டோம். இப்போது மெயின்டெனன்ஸில் இருக்கும் பையன்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட். கெட்டிக்காரர்கள், எங்களைவிட வேகமாகக் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள். ஆனால் ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் கூலி போச்சு. பல ஞாயிறுகளில் ஓவர்டைம் வேறு. சம்பளத்தோடு விடுமுறை இருந்ததால்தான் எங்களால் தொண்டு செய்ய முடிந்தது என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது. வந்த சிலருக்கு, உள்ளூர் வயர்மேனுக்குக் கொடுத்த மாதிரியே சங்க நிதியிலிருந்து கூலி கொடுத்தோம். இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை. அவர்களைச் சங்கத்தில் உறுப்பினராக்கும் பேச்சுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.