இடாப்பில் இல்லாத பெயருக்கு வந்த பசளை

நெல்லுக்கு அடிப்பசளையாகப் போடும் டி.எஸ்.பி. (முச்சுப்பர் பொசுபேற்று) இலவசமாக வந்தபோது அதை ஒருவாறு எடுத்து வயலில் போட்டுவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். குத்தகைக்கு வயல் செய்யும் மற்றவர்களும் என்னைப்போல் அலைய வேண்டியதில்லை என்பதால், காரியம் எங்கே தடைப்பட்டது என்பதையே அதிகம் சொல்லப் போகிறேன்.

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்ட பின்னரும், டொலர் தட்டுப்பாட்டினால் டி.எஸ்.பி. எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யூரியாவையாவது விலை கொடுத்துத் தேடிப் பிடிக்க முடிந்தது. அடிப்பசளை இல்லாமலே போகங்கள் கழிந்தன. 2023 மார்ச்சில், அமெரிக்காவின் யுஎஸ்எயிட் நிதியில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் ஊடாக 36,000 மெட்ரிக் தொன் டி.எஸ்.பி. கப்பலில் வந்தது. நெல் விவசாயிகளுக்குக் கமநல சேவை நிலையங்கள் மூலம் அது இலவசமாகப் பகிரப்படும் என்றார்கள். கப்பலும் வந்தது, லொறியும் வந்தது, களஞ்சியத்தில் மூடைகளும் அடுக்கப்பட்டன. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, எழுவான்கரையில். நான் செய்யும் வயல் வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரையில். காணிச் சொந்தக்காரரான போடியார் பல ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கிறார். கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பில், அதாவது பதிவேட்டில், இருப்பது அவருடைய பெயர். பகிர்வுப் பட்டியலும் அந்த இடாப்பிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. விதைத்தவன், வரம்பு கட்டியவன், நிலையத்துக்கு ஏக்கர்க் கணக்கில் ஏக்கர்ப் பணம் கட்டியவன் யாரென்று பட்டியலுக்குத் தெரியாது. பெயருக்குரியவரே நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்று மேசையில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். ஆள் வெளிநாட்டில் என்றதும், அப்படியானால் அவருடைய கடிதமும் எழுத்திலான குத்தகை ஒப்பந்தமும் வேண்டும் என்றார்.

எழுத்திலான ஒப்பந்தம் எங்கள் பகுதியில் எத்தனை பேரிடம் இருக்கிறது? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரருக்குப் பாதுகாப்புக் கொடுத்த நாளிலிருந்து, எழுதிக் கொடுத்தால் வயல் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் காணிக்காரரிடம் பரம்பரையாக இருக்கிறது. அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. அறுவடை முடிந்ததும் நெல்லாகவோ பணமாகவோ கணக்குத் தீர்ப்பதுதான் வழக்கம். போடியாரைத் தொலைபேசியில் கேட்டபோது, பசளையை நீயே எடு என்று தாராளமாகச் சொன்னார். எழுத்தில் கேட்டதும் பேச்சை அடுத்த பெரும்போகத்துக்கு, மாரிகாலச் செய்கைக்கு, தள்ளிவிட்டார்.

இதற்கிடையில் நாள் ஓடியது. டி.எஸ்.பி. யூரியாவைப் போன்றதல்ல. பொசுபரசு மண்ணில் போட்ட இடத்தை விட்டு அதிகம் நகராது. இளம் வேருக்கு அது தொடக்கத்திலேயே தேவை. அதனால் கடைசி உழவில் மண்ணோடு சேர்க்க வேண்டும். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நடந்த போக ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடியும் நாளும் குறித்தாகிவிட்டன. குளத்து நீர் எவருடைய கடிதத்துக்காகவும் காத்திருக்காது. ஒருநாள் குருமண்வெளித் துறையில் பாதையேறி (எங்கள் பக்கம் மிதவைப் படகைப் பாதை என்போம்) வாவியைக் கடந்து போனால், களஞ்சியப் பொறுப்பாளர் திறப்பை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வெளியே எங்களைப்போல் இன்னும் பலர். களஞ்சியம் திறக்கும் நாளை முதல்நாள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. அறிவித்தல் பலகையை நம்ப வேண்டாம்.

வழி திறந்தது, வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையாரால். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போகிறது, அங்கே மண்வெட்டியோடு நிற்பது யார் என்று அவரைவிட அறிந்தவர் இல்லை. விவசாய அமைப்பின் தலைவரும் செயலாளரும் அவருமாக, இன்ன கண்டத்தில் (வயல் தொகுதியில்) இந்த ஏக்கரை இந்தப் போகம் செய்பவர் இவரே என்று கடிதத்தாளில் எழுதி ஒப்பமிட்டுத் தந்தார்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும், ஏக்கர்ப் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளையும், அடையாள அட்டைப் பிரதியையும் அதனோடு இணைத்து, மேசைக்காரரைத் தாண்டி, நிலையத்துக்குப் பொறுப்பான பெரும்பாக உத்தியோகத்தரிடமே கொடுத்தேன். அவர் பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, பணத்தை உங்களிடம் வாங்கிக்கொண்டு பசளையை வேறொருவருக்குக் கொடுப்பது எப்படி என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அந்த ஒரு வசனத்துக்காகவே அவரை வாழ்த்தலாம்.

பிறகும் ஒரு சிக்கல்: இது சிறுபோகம், கோடைகாலச் செய்கை; அதில் நீர் எல்லா வயலுக்கும் எட்டாது. ஆகவே பெரும்போகத்தின் ஏக்கர்க் கணக்கு இங்கே செல்லாது. கூட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பரப்பளவுதான் கணக்கு. கடிதத்தில் அந்த எண்ணையே எழுதுவித்திருந்ததால் தப்பினேன். பக்கத்து வயற்காரர் முழுப் பரப்பையும் எழுதிக் கொண்டுபோய்த் திரும்ப அனுப்பப்பட்டார்.

மூடைகளைப் பாதையில் ஏற்ற முயல வேண்டாம். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிவந்த உழவு இயந்திரத்தில் நாங்கள் சிலர் கூலியைப் பகிர்ந்து ஏற்றினோம். கடைசி உழவுக்கு முன்பே பசளை வயலுக்கு வந்துவிட்டது.

சிறு விவசாயிக்கு என்று கடல் கடந்து வரும் உதவி, இடாப்பின் பெயர் நிரலில் வந்து காணிக்காரருடையதாகிவிடுகிறது. ஊரில் இருக்கும் சில காணிக்காரர்கள் தம் பெயரில் பசளையை எடுத்து, குத்தகைக்காரருக்கே விலை சொன்னதையும் இந்தப் போகத்தில் கண்டேன். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்தான் இந்த இடாப்பு பேணப்படுகிறது. பயிர்ச்செய்கையாளராக உங்கள் பெயரையும் பதியுமாறு, உதவி அறிவிக்கப்படும்வரை காத்திராமல், போகம் தொடங்குமுன்பே எழுத்தில் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். என் விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன் அந்த முத்திரைப் பிரதியோடு மறுபடி போக இருக்கிறேன்.