மூன்று வாரத் தும்பிக்கை

அம்மாவின் வலது மூக்குத்திக்குப் பக்கத்தில் இருந்த கரும்புள்ளியை நாங்கள் மரு என்றே நினைத்திருந்தோம். நான்கு வருடத்தில் அது ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு வளர்ந்து, நடுவில் புண்ணாகி, பொருக்குத் தட்டுவதும் உதிர்வதுமாக இருந்தது. ஒரு மருத்துவர் எட்டு மாதம் வெறும் களிம்பே கொடுத்துவந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. சதைத் துணுக்கைச் சோதித்தபோதுதான் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. வேறிடத்துக்குப் பரவுவது அபூர்வம். இருக்கும் இடத்தைத்தான் அரிக்கும். நம் நிறத்தவருக்கு அது கருப்பாக வந்து மருவைப்போல ஏமாற்றுவது சகஜமாம்.

கட்டியை எடுத்த பள்ளத்தில் குருத்தெலும்பு தெரிந்தது. அதன் மேல் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது, ரத்த ஓட்டத்தோடு வரும் தோல் வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். தையல் நூல் உறையின் தகட்டுத் தாளைப் பள்ளத்தின் அளவுக்கு வெட்டி, நெற்றியில் வைத்து வரைந்தாராம். திப்புவின் ஆட்கள் மூக்கறுத்த காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில் இப்படித்தான் மெழுகுத் தகட்டால் அளவெடுத்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகையில் அது கடிதமாக வந்தது. "நம் ஊர் வித்தை" என்று அம்மாவுக்குப் பெருமை. மும்பை மாட்டுங்காவுக்கு வந்து நாற்பது வருடமான பிறகு புனேயும் நம் ஊர்தான் போலிருக்கிறது.

நெற்றித் தோலை முழுதாக அறுத்தெடுப்பதில்லை. புருவத்தருகே ரத்தம் வரும் ஒரு காம்பை விட்டுவைத்து, திருப்பி மூக்கில் தைக்கிறார்கள். முதல் இரவு முழுக்கச் செவிலியர் மணிக்கொரு தரம் விரலால் அழுத்திப் பார்த்தார். வெளுத்தே கிடந்தால் ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்தால் வந்தது திரும்பவில்லை.

அந்த மூன்று வாரமும் புருவத்திலிருந்து மூக்குவரை தொங்கிய காம்பைத் தும்பிக்கை என்றே சொன்னாள் அம்மா. பார்க்க வந்தவர்களிடம், "பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை இல்லாமல் வந்துவிட்டீர்களே" என்பாள். மூக்குக்கண்ணாடி போட முடியாததால் நாளிதழை நான்தான் படித்துக் காட்டினேன், மரண அறிவிப்புகள் உட்பட. ஒரு நாள் மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தது. அம்மா நெற்றியைத் தட்டினாள். நரம்புக்கு இடம் மாறியது தெரியவில்லை.

காம்பை வெட்டிய பின் மூக்கு மரத்துவிட்டது. சட்னி ஒட்டினாலும் நான்தான் சொல்லவேண்டியிருக்கிறது. நெற்றித் தழும்பைக் குங்குமம் பாதி மறைக்கிறது. கழற்றிய மூக்குத்தி அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குள் கிடக்கிறது. இடப்பக்கம் குத்திக்கொள்ளலாமா என்று ஆசாரியிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறாள், மருத்துவரிடம் இல்லை.