முப்பந்தல் காற்றும் ஸ்காடா திரையும்

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், துணைமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையின் இரவுப் பணியில் ஒரு நிமிடம்கூடக் கண்ணயர முடியாது. முப்பந்தலைச் சுற்றியுள்ள காற்றாலைகளின் மின்சாரம் வந்து சேரும் ஒவ்வொரு ஃபீடரின் மெகாவாட்டும் வோல்டேஜும் அதைத் துண்டிக்கும் பிரேக்கரின் நிலையும், தொலைவிலிருந்தே கண்காணிக்க உதவும் ஸ்காடா திரையில் மாறிக்கொண்டே இருக்கும்.

மின்தொகுப்பின் அலைவெண் 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையே நிற்க வேண்டும். அதை நான் தனியாக நிலைநிறுத்திவிட முடியாது. வோல்டேஜ் அப்படியல்ல. பழைய இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் காற்றாலைகள் மின்சாரம் தரும்போதே, காந்தப்புலத்துக்கான ரியாக்டிவ் பவரைத் தொகுப்பிலிருந்து இழுப்பதால், காற்று வலுக்கும்போது வோல்டேஜ் இறங்கும். உடனே அந்த ரியாக்டிவ் பவரைத் தரும் கெப்பாசிட்டர் பேங்கை இணைப்பேன்.

ஓர் ஆனி மாத இரவில், பழுது பார்க்கச் சென்ற இளம் லைன்மேன் போனில் எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனில் மின்சாரம் இல்லை, வேலை செய்யலாம் என்ற அனுமதி) கேட்டார்.

"அண்ணே, பிரேக்கர் ஓப்பன்னுதானே காட்டுது?"

திரை அப்படித்தான், மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகத்தான் காட்டியது. ஆனால் அதே ஃபீடரில் 40 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

"இரு மக்கா, யார்டுல போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, பிரேக்கரின் உடலிலிருந்த காட்டி மூடிய நிலையில் இருந்தது. நிலையைத் திரைக்குச் சொல்லும் துணைக் காண்டாக்ட் துருப்பிடித்திருந்தது. பிரேக்கரைத் திறந்து, லைனைக் கண்ணுக்குத் தெரியும்படி பிரிக்கும் ஐசோலேட்டரின் மூன்று கத்திகளும் விலகி நிற்பதைக் கண்ணால் கண்டு, எர்த் செய்த பிறகே எல்.சி. கொடுத்தேன். அந்தக் காண்டாக்டை மாற்றித்தர மேலிடத்துக்கு நான்கு முறை எழுத வேண்டியிருந்தது.