யானைக்கால்: ராத்திரி ரத்தக் குறிப்புகள்

நவம்பர் 4, திருப்பூர்
பனியன் கம்பெனி விடுதி. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா ஆட்கள் அதிகம். மூன்றுமே யானைக்கால் நோய் உள்ள மாநிலங்கள். ராத்திரி 9 மணிக்கு மேல்தான் ரத்தம் எடுப்பது. மைக்ரோபைலேரியா (யானைக்கால் புழுவின் குட்டிகள்) பகலெல்லாம் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளைக்குத்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். காலையில் முகாம் போட்டுவிட்டு "ஒருத்தருக்கும் இல்லை" என்று எழுதுவது வீண் வேலை.

விரலில் தடவிய ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈரமாக இருந்தால் சொட்டு திரளாமல் பரவும். 20 கன மில்லிமீட்டர் ரத்தம், கண்ணாடி ஸ்லைடில் தடித்த பூச்சு.

நவம்பர் 5
ஸ்லைடுகள் படுக்கை வாட்டில் காய்ந்தன. மூடி வைக்காத தட்டில் எறும்பு ஏறி, இரண்டு பூச்சுகள் போச்சு. காய்ந்ததைத் தண்ணீரில் முக்கிச் சிவப்பு போனபின் மெத்தனால், பிறகு ஜீம்சா சாயம். மெத்தனாலை முதலில் விட்டால் சிவப்பணு உடையாது, புழு தெரியாது. உறை இருந்து, வால் நுனியில் கரு இல்லையென்றால் உச்செரேரியா பான்கிராப்டி என்ற யானைக்கால் புழு. வாலில் இரண்டு கரு தனியாக நின்றால் இன்னொரு வகையான புருகியா மலாயி.

நவம்பர் 8, நூல் மில்
இங்கேதான் ஏமாறுவோம். மாதக்கணக்கில் நைட் ஷிப்ட் பார்த்துப் பகலில் தூங்குகிறவருக்குப் புழுவின் நேரமும் புரண்டுவிடும். தூக்க நேரத்தை மாற்றினால் இப்படி ஆகும் என்று லண்டன் டாக்டர் ஸ்டீபன் மெக்கென்சி 1881-லேயே காட்டினார். நைட் ஷிப்ட்காரர்களுக்குக் கடிகாரம் பார்க்காமல், தூங்கும் வேளையில் எடுக்க வேண்டும். வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவருக்கு ஆன்டிஜன் பட்டைதான் (ரத்தத்தில் புழுவின் புரதத்தைக் காட்டும் சோதனைப் பட்டை) நல்லது: 75 மைக்ரோலிட்டர் ரத்தம், எந்நேரமும் எடுக்கலாம். பத்தாவது நிமிடம் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் பொய்க் கோடு தெரியும்.

நவம்பர் 9
யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்) மாத்திரை: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், 12 நாள். 50 கிலோ ஆளுக்கு 100 மில்லிகிராம் மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. கர்ப்பிணிக்குக் கூடாது. முதல் இரண்டு நாள் காய்ச்சலும் தலைவலியும் வரலாம், குட்டிப்புழு சாவதால். "மாத்திரை ஒத்துக்கலீங்க"னு நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

நவம்பர் 11
டெங்குவுக்குச் சொல்லும் நல்லதண்ணித் தொட்டிப் பாடம் இங்கே செல்லாது. கியூலெக்ஸுக்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான் வீடு. காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டியாயிற்று. மூடிப்பலகை விரிசல் பாக்கி. சிமெண்ட் பூசாவிட்டால் வலை கட்டியும் பிரயோசனமில்லை.