நான்கெல்லையில் கிடைத்த உறவுகள்

கும்பகோணம் பக்கம் எங்கள் பூர்வீக ஊரில் இப்போது எங்களுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தையவர்களின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. நிலம் கைமாறினாலும் அதன் கணக்கு எங்கேயாவது இருக்கும் என்று நம்பித்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் எண்ணைப் பிடிக்க வேண்டும். நில ஆவணங்களைப் புதுப்பித்து 1980களில் முடிந்த யூ.டி.ஆர். பதிவுக்குப் பிறகு எங்கள் புலத்தின் உட்பிரிவு மாறியிருந்தது. அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டை, அதாவது ஊரின் சர்வே எண் வாரியான நிலக் கணக்கைப் பார்த்துப் பழைய சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டேன். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மனு கொடுத்து ஊரின் செட்டில்மெண்ட் பதிவேட்டைப் பார்த்தேன். நஞ்சையா புஞ்சையா, எந்த வாய்க்கால் பாசனம், என்ன தரம், தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார், எல்லாம் அதில் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எங்கள் புலத்துக்கு நேராக இருந்தது.

ஆனால் பதிவேட்டில் பெயருக்கு மேல் கிடைக்காது. குடும்பம் முழுதாகத் தெரிவது பத்திரங்களில்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய சர்வே எண்ணில் என்னென்ன பத்திரம் பதிவானது என்று பார்க்க வில்லங்கம் போட்டேன். அந்தக் காலத்துப் புத்தகங்களைக் கையால்தான் புரட்ட வேண்டியிருந்தது, பொறுமை தேவை. அதில் வந்த பத்திர எண்ணுக்கு நகல் மனு போட்டதில் 1920களின் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. பரப்பு மா, குழிக் கணக்கில் இருந்தது. ஒரு மா என்பது சுமார் 33 சென்ட். கிஸ்தி (நிலவரி) ரசீது போன்றவற்றில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு வந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள், அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். மைனரான கொள்ளுத்தாத்தாவுக்குத் தாயாரும் கார்டியனுமாக, கணவர் வைத்துப்போன கடனைத் தீர்க்க விற்றிருக்கிறார். அவர் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டோம். அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

சொத்து விவரம்தானே என்று நான்கெல்லையை, அதாவது நாலு பக்கமும் யார் நிலம் என்று எழுதிய பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலங்கள் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். எங்கள் பத்திரத்தில் வடக்கெல்லைக்காரர் கணவரின் தம்பி என்றே எழுதியிருக்கிறது. அப்படி ஒருவர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஒருவர் வேறு ஊர்க்காரர். அது அந்தப் பாட்டியின் பிறந்த ஊராக இருக்கலாம். அந்த ஊர்ப் பதிவேட்டுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.